தீட்டும் மாசும்: குடிநீரின் இரு கணக்குகள்



மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சோழபுரத்தில் கூடியிருக்கும் நாம், தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று தீட்டு, மற்றொன்று மாசு. தீட்டு, தண்ணீர் மொள்ளுகிறவரின் பிறப்பைப் பார்க்கிறது. மாசு, தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது.

மாசின் வரலாறு நாம் பள்ளியில் படித்ததுதான். 1854இல் லண்டனில் காலரா பரவியபோது, ஒரு தெருவின் அடிகுழாய்த் தண்ணீரே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்நோ கணக்கெடுத்துக் காட்டினார். 1884இல் ராபர்ட் கோக், கல்கத்தாவின் குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். கிருமிக்குச் சாதி தெரியாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

ஆனால் நம் குளங்களைத் தீட்டுதான் ஆண்டது. பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதாருக்குத் திறந்துவிடப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகத் நகராட்சி 1924இல் அதை ஏற்றது. ஏட்டில் திறந்த அந்தச் சவுதார் குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு இறங்கி நீர் அருந்தினார். அதன் பிறகு ஆதிக்க சாதியினர் செய்தது என்ன? சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களைக் குளத்தில் ஊற்றி, 'சுத்தம்' செய்தார்கள். மனிதர் தொட்டது தீட்டு, சாணம் கலந்தது தூய்மை! குளத்து வழக்கில் நமக்குச் சாதகமான தீர்ப்பு உயர்நீதிமன்றத்தில் வர 1937 ஆயிற்று.

சென்னை மாகாணத்திலும் இரண்டு கோப்புகள் தனித்தனியே நடந்தன. பொதுச் சாலை, கிணறு, குளங்களை அனைவரும் பயன்படுத்தும் உரிமைக்காக 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். குடிநீர் வழங்கலையும் நீர்நிலைப் பாதுகாப்பையும் பேசிய சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் வந்தது. முதலாவது உரிமைக் கோப்பு, இரண்டாவது சுகாதாரக் கோப்பு.

இவ்விரண்டும் சந்தித்த இடம் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பொதுநீரை அசுத்தப்படுத்தினால் 1860இன் தண்டனைச் சட்டம் அதிகபட்சம் 3 மாதச் சிறை என்றது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பயன்படுத்தும் நீரை மற்றவர் கெடுத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்றது 1989இன் சட்டம். நீரைக் கெடுப்பது நோயை மட்டுமல்ல, இழிவையும் ஊட்டும் செயல் என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

அந்த ஒப்புதல் போதுமானதா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் நோயுற்றார்கள். குடிநீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது உள்ளே மனித மலம் கிடந்தது. கண்டுபிடித்தது அரசின் நீர்ப் பரிசோதனை அல்ல, குழந்தைகளின் வயிறு. ஈராண்டுக்குப் பின் 2025 சனவரியில் சிபிசிஐடி, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றம் சுமத்தியது. அம்மக்களும் பல இயக்கங்களும் அதை ஏற்கவில்லை.

குளோரின் கிருமியைக் கொல்லும், வன்மத்தைக் கொல்லாது. ஆனால் முறையான பரிசோதனை இருந்தால் குழந்தைகள் படுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 100 மில்லி குடிநீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கலாகாது, எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவைத் தொட்டியடியில் பார்த்தால் போதாது. காலனியின் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும்.

எனவே, அடுத்த கிராமசபையில் நாம் எழுந்து கேட்போம். நம் தொட்டி கடைசியாகக் கழுவப்பட்ட நாள் எது? அதன் மூடிக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம்? கடைசிக் குழாயின் குளோரின் அளவு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? மகத்தில் நம் முன்னோர் குளத்தில் இறங்கினார்கள். நாம் பதிவேட்டைத் திறக்கச் சொல்வோம்.