கள்ளுக்கடையும் கல்விச்சாலையும்

ஒரு சமுதாயத்தின் உயர்வுக்குக் கல்வி வாயில் என்றால், அதன் தாழ்வுக்குப் போதை வாயிலாகும். இவ்விரு வாயில்களும் நம் மக்கள் வாழும் தெருக்களின் அருகிலேயே திறந்து கிடக்கின்றன. நமது கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், முதல் வாயிலின் வழியே நம் பிள்ளைகளை எத்தனை தூரம் அனுப்பிவைத்தோம் என்று மகிழ்வது இயல்பே. அம்மகிழ்ச்சியோடு, இரண்டாம் வாயில் எவ்வாறு திறக்கப்பட்டது, அதனை அடைக்க நம் முன்னோர் என்ன செய்தனர், நாம் செய்யவேண்டுவது யாது என்பவற்றையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது நம் கடமையாகும்.

பனை தந்த பாடம்

மது அருந்தும் வழக்கம் நேற்று வந்ததன்று. வேந்தனும் புலவனும் ஒன்றாக அமர்ந்து கள்ளுண்ட செய்தி சங்கப் பாடல்களில் உண்டு. அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார். எனவே குடி எந்தச் சாதிக்கும் பிறவிக் குணமன்று. 'இவர்கள் குடிப்பவர்கள், இவர்களுக்குப் படிப்பு ஏறாது' என்று நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்ட சொல் வரலாற்றில் வேரில்லாத சொல்லாகும்.

சாகுபுரத்திலிருந்து தெற்கே திருச்செந்தூர், உடன்குடி வரையிலும் அப்பாலும் பரந்து கிடப்பது பனங்காட்டு நிலம். பனம்பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது பதநீர். அதனைக் காய்ச்சினால் ஊருக்கெல்லாம் புகழ் தரும் கருப்புக்கட்டி கிடைக்கிறது. சுண்ணாம்பு பூசாமல் விட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடுகிறது. மரமும் பாளையும் ஒன்றே. வேறுபாடு அந்தச் சுண்ணாம்புப் பூச்சு மட்டுமே. வளரும் பிள்ளையின் நிலையும் இத்தகையதே என்பதை இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

வருவாய்க்காகத் திறந்த கடை

ஆங்கிலேயர் ஆட்சியில்தான் மது ஓர் அரசு வருவாயாக ஒழுங்குபடுத்தப்பட்டது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள் இறக்குதலையும் சாராயம் வடித்தலையும் விற்றலையும் அரசின் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. கள் இறக்கும் மரங்களுக்கு மரவரி விதிக்கப்பட்டது. கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை மீட்க வேண்டுமாயின் குடிப்போர் தொகை பெருகியாக வேண்டும். காலப்போக்கில் இவ்வருவாய் நிலவரிக்கு அடுத்த பெருவருவாயாக வளர்ந்தது.

இங்கே உப்பளக் கரையில் வாழும் நாம் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் உப்பு வரியையும் மது வரியையும் தண்டியது ஒரே துறை. அதன் பெயரே உப்பு, ஆப்காரித் துறை என்பதாம். அளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரிய ஏழையிடம் பகலில் ஒரு வரி, மாலையில் அவன் கூலி சென்றடைந்த கடையில் மற்றொரு வரி. 1930 ஜனவரியில் காந்தியடிகள் அரசுக்கு முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில் முழு மதுவிலக்கும் உப்பு வரி நீக்கமும் சேர்ந்தே இடம்பெற்றன. உப்பு வரி 1947இல் ஒழிந்தது. மற்றொன்றின் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை.

நம் மக்களைப் பொறுத்தவரை இன்னுமொரு கொடுமையும் இருந்தது. இழவு வீட்டுக்குப் பறையடிக்கச் சென்றவருக்கும், விடியுமுன் வயலில் இறங்கியவருக்கும் கூலியில் ஒரு பகுதி மதுவாகவே அளக்கப்பட்டது. நெல்லாகவோ காசாகவோ கொடுத்திருந்தால் அது வீட்டுக்குச் சென்றிருக்கும். பிள்ளைக்குச் சிலேட்டு வாங்கியிருக்கும். மதுவாகக் கொடுத்ததால் கொடுத்த இடத்திலேயே தீர்ந்தது. குடிக்கப் பழக்கியவர்களே பிறகு குடிகாரர் என்று இகழ்ந்தனர்.

நம் தலைவர்கள் காட்டிய வழி

இச்சூழ்ச்சியை முதலில் உணர்ந்தவர்கள் நம் தலைவர்களே. பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் தமது வார இதழைத் தொடங்கினார். அவர் மக்கள் முன் வைத்த பஞ்சசீலத்தின் ஐந்தாம் ஒழுக்கம் மது முதலிய மயக்கப் பொருள்களை விலக்குவதாகும். அவரோடு தொடர்புகொண்டிருந்த கர்னல் ஆல்காட், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென 1894இல் சென்னை அடையாற்றில் இலவசப் பள்ளியைத் திறந்தார். ஒழுக்கமும் பள்ளியும் அக்காலத்திலேயே கைகோத்து நடந்தன. அண்டை நாடாகிய கேரளத்தில், கள்ளிறக்கும் தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்த சமுதாயத்தில் பிறந்த நாராயண குரு, மது நஞ்சு என்றும், அதனை உண்டாக்குவதும் கொடுப்பதும் குடிப்பதும் ஆகாது என்றும் அறிவுறுத்தினார்.

1927இல் மகாடு மாநாட்டை ஒட்டிப் பெண்களிடையே உரையாற்றிய டாக்டர் அம்பேத்கர், குடித்துவிட்டு வரும் கணவனுக்கும் மகனுக்கும் சோறு போடாதீர்கள் என்றார். அதே உரையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றும் வலியுறுத்தினார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் அவரோடு ஏற்ற 22 உறுதிமொழிகளுள் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அவர் வரைவுக் குழுத் தலைவராக இருந்து உருவாக்கிய அரசியலமைப்பின் 46ஆம் பிரிவு பட்டியலின மக்களின் கல்வியையும் பொருளாதார நலனையும் காக்குமாறு அரசுக்கு ஆணையிடுகிறது. அடுத்து நிற்கும் 47ஆம் பிரிவு மக்களின் ஊட்டத்தையும் உடல்நலத்தையும் உயர்த்தி, மதுவிலக்கைக் கொணர முயலுமாறு கூறுகிறது. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு பிரிவுகளும் நமக்கு இரு கண்கள் போன்றவை.

திறந்தும் மூடியும் வந்த நூற்றாண்டு

1921இல் ஈரோட்டில் பெரியார் கள்ளுக்கடை மறியலைத் தொடங்கினார். தம் தோப்பில் இருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அவருடைய துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் முன்னின்றனர். இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டு, பின் மீண்டும் தொடங்கி, ஓமந்தூரார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது.

1948 முதல் 1971 வரை 23 ஆண்டுகள் தமிழகத்தில் சட்டப்படியான மதுக்கடை பொதுமக்களுக்கு இல்லை. கள்ளச்சாராயம் இருந்தது உண்மையே. ஆயினும் பிள்ளை பள்ளிக்குப் போகும் பாதையில் பெயர்ப்பலகை மாட்டிய கடை நிற்கவில்லை. காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் பள்ளிகள் எழுந்ததும், 1956இல் நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றதும் இதே காலத்தில்தான். நம்மில் பலருடைய பெற்றோர் முதன்முதலாக எழுத்தறிந்த காலமும் அதுவே.

1971 ஆகஸ்டு 30ஆம் நாள் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் அரசின் வாணிபக் கழகம் மொத்த விற்பனைக்கென நிறுவப்பட்டது. 1987இல் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. பின்னர் வந்த மலிவு விலை மது 1991இல் நிறுத்தப்பட்டது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றது. 2015 ஜூலை 31ஆம் நாள், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் அருகிலிருந்த கடையை அகற்றக் கோரிக் கோபுரம் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிர் துறந்தார்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை யாது? சட்டம் கடையை மூட வல்லது. அச்சட்டத்தை மாற்றினால் கடை மீண்டும் திறக்கும். மக்கள் உள்ளத்தில் ஏற்பட்ட தெளிவை மட்டும் எந்த ஆணையாலும் திரும்பப் பெற இயலாது.

எழுத்தறிவு மூட்டிய தீ

இதற்கு நெல்லூர் மாவட்டமே சான்று. ஒரு காலத்தில் நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த அம்மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. மாலையில் விளக்கடியில் கூடி எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள், பாடநூலில் குடியால் சிதைந்த ஒரு குடும்பத்தின் கதையைப் படித்தனர். அது தங்கள் கதையே என்று உணர்ந்தனர். தூபகுண்டா என்னும் சிற்றூரில் ரோசம்மா முதலிய பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தனர். அந்தத் தீ மாவட்டமெங்கும் பரவியது. தலித் பெண்களும் பிற ஏழைப் பெண்களும் சாராய ஏலங்களையே நடக்கவொட்டாமல் தடுத்தனர். 1993 ஏப்ரலில் நெல்லூரிலும், அக்டோபரில் ஆந்திர மாநிலம் முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் வந்த முழு மதுவிலக்கு 1997இல் தளர்த்தப்பட்டது என்பதும் உண்மை. ஆயினும், கல்வி வகுப்பிலிருந்தே போதைக்கு எதிரான போர் பிறக்க முடியும் என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் எழுத்தறியாதிருந்த ஏழைப் பெண்களே. நம் கழகம் போன்ற அமைப்புக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுமோ?

இன்றைய ஆபத்து

இன்று பகை உருமாறி வந்துள்ளது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தோரில் பெரும்பாலோர் கூலி உழைப்பாளிகள். அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகள் பள்ளி மாணவர்கள்.

மாணவரை நேராகத் தாக்குவனவும் உள. உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலம், கஞ்சா, மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் வலி மாத்திரை, முகர்ந்து மயங்கும் பசை ஆகியவை பையில் மறைக்கத்தக்கவை. 2019இல் வெளியான நடுவண் அரசின் ஆய்வறிக்கையின்படி, முகரும் பொருள்களின் பழக்கம் பெரியவர்களிடம் நூற்றுக்கு 0.58; பத்து முதல் பதினேழு வயதினரிடமோ 1.17. போதைப் பொருள்களுள் இதில் மட்டுமே பிள்ளைகள் பெரியவரை முந்தி நிற்கின்றனர். மூளையில் முன்யோசனைக்கும் தன்னடக்கத்துக்கும் உரிய பகுதி இருபத்தைந்து வயதளவில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. ஆதலின் இளமையில் தொட்ட பழக்கம் எளிதில் விடுவதில்லை.

சட்டங்கள் உள்ளன. கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்றல் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறாருக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழாண்டு வரை கடுங்காவலும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. விற்பவன்தான் குற்றவாளி, பிள்ளை காக்கப்பட வேண்டியவன். இந்த வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

நாம் செய்யவேண்டுவன

ஆசிரியப் பணியில் நீண்ட காலம் கழித்தவன் என்னும் முறையில் ஒன்றை உறுதியாகக் கூறுவேன். போதைப் பழக்கம் உள்ள மாணவனைக் கண்டதும் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புவது மருந்தன்று. பள்ளியிலிருந்து வெளியேறும் அப்பிள்ளைக்கு ஊரில் திறந்திருக்கும் ஒரே கதவு கடைக் கதவுதான். மேல்தட்டுக் குடும்பத்துப் பிள்ளைக்கு வேறு பள்ளி கிடைக்கும்; நம் வீட்டுப் பிள்ளைக்கு உப்பளமும் சுமைக்கூலியுமே கிடைக்கும். தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் நீக்கலாகாது, அடித்தலாகாது, மனத்தைப் புண்படுத்தலாகாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே கூறுகிறது. சட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கலாம். நம் பரிவு அங்கே நிற்கலாகாது.

வகுப்புக்கு அடிக்கடி வாராமை, திடீரெனக் குறையும் மதிப்பெண், சிவந்த கண், காரணமற்ற எரிச்சல், புதிய நண்பர் கூட்டம், வீட்டில் காணாமற்போகும் காசு ஆகியவற்றைக் கண்டால், பலர் முன்னிலையில் கேளாமல் தனியே அழைத்துப் பரிவோடு பேசுதல் வேண்டும். போதைக்கு அடிமையாதல் ஒரு நோய் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வெட்கம் எதற்கு? அரசின் மனநல மருத்துவப் பிரிவுகளை நாடலாம். 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். சிறாருக்கு 1098 என்னும் எண் உண்டு. தாமாகச் சிகிச்சைக்கு முன்வரும் போதை அடிமைகளை வழக்கிலிருந்து காக்கும் பிரிவு 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே உள்ளதாதலின், பெற்றோர் அஞ்சி மறைக்க வேண்டுவதில்லை.

உறுப்பினர்களாகிய பெரியோருக்கும் ஒரு சொல். கோயில் கொடையிலும் சடங்கு வீட்டிலும் கல்யாணத்திலும் மது பரிமாறுவதை நம் தெருவில் நிறுத்துவோம். தந்தையும் மாமனும் குடிப்பதைக் கண்டு வளரும் பிள்ளையிடம் ஆசிரியரின் அறிவுரை எடுபடாது. கழகம் நடத்தும் மாலை நேரப் பயிற்சி வகுப்பும், படிப்பகமும், விளையாட்டுத் திடலும் இரவு எட்டு மணிவரை விளக்கெரிய இருக்கட்டும். பிள்ளைக்குச் செல்ல ஓரிடம் இருக்குமாயின் செல்லத்தகாத இடத்துக்கு அவன் செல்லான். பெண்களைக் கொண்ட குழு ஒன்று பள்ளிச் சுற்றுப்புறக் கடைகளைக் கண்காணித்து, தவறு கண்டால் எழுத்து மூலம் முறையிடட்டும்.

அன்பார்ந்த இளைஞர்களே! உங்கள் பாட்டன் உழைத்த கூலி கடையில் கரைந்தது. உங்கள் தந்தை அக்கடையைக் கடந்து பள்ளிக்கு வந்தார். நீங்கள் கல்லூரிக்குச் செல்கிறீர்கள். மூன்று தலைமுறை நடந்த தூரத்தை ஒரு பொட்டலத்துக்கு விற்றுவிடாதீர்கள். வழி தவறிய தோழனைக் காட்டிக்கொடுக்கவும் வேண்டாம், கைவிடவும் வேண்டாம். கை பிடித்து ஆசிரியரிடம் அழைத்து வாருங்கள். கலயத்துக்குச் சுண்ணாம்புபோல நம் பிள்ளைகளுக்கு வீடும் பள்ளியும் கழகமும் காப்பாக அமையட்டும். பொன்விழாக் காணும் நாளில் இம்மாவட்டத்துப் பள்ளி எதிலும் போதையால் படிப்பை இழந்த நம் பிள்ளை ஒருவரும் இலர் என்று எழுதும் பேறு நமக்குக் கிட்டுவதாகுக!