வரிசை அறிதல்

பூவிருந்தவல்லியை ஒட்டியுள்ள குமணன்சாவடியின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் முதிரமலைக் குமணனே நம் நினைவுக்கு வருகிறான். ஊர்ப்பெயரிலுள்ள குமணன் அவன்தானா என்னும் ஆராய்ச்சிக்குள் நாம் புகவில்லை. சாவடி என்பது வழிப்போக்கர் தங்குமிடம். நாடி வந்த புலவரை வெறுங்கையோடு அனுப்பாத வள்ளலின் பெயர் அதற்குப் பொருந்தியே இருக்கிறது. ஆயினும், வந்தவர்க்கெல்லாம் ஒன்றுபோல் வழங்குவதைச் சங்கப் புலவர்கள் பெருமையாகக் கருதவில்லை. கொடுத்தல் எளிது, வந்தவனின் வரிசையை, அதாவது தகுதியை, அறிதலே அரிது என்று மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் முகத்துக்கு நேரே சொன்ன செய்தி புறநானூற்றில் உண்டு. இளவெளிமான் தந்த அற்பப் பரிசிலை ஏற்காமல் சென்ற பெருஞ்சித்திரனார், குமணன் வழங்கிய யானையைக் கொணர்ந்து அவனூர்க் காவல் மரத்திலேயே கட்டிவிட்டுப் போனார்.

ஊர் ஒப்பாத புதுமையைச் சொல்லிக்கொண்டு ஒருவன் நம்முன் வந்து நிற்கும்போது, அவன் மேதையா, கிறுக்கனா என்று அறிவது எப்படி? இவ்வினாவைச் சென்னை நகரம் ஒருமுறை மிகக் கூர்மையாகச் சந்தித்தது.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்த இராமானுஜனிடம் பட்டம் ஏதும் இல்லை, எஃப்.ஏ. தேர்விலேயே தோற்றவர். அவர் கையிலிருந்ததெல்லாம் நிரூபணம் எழுதப்படாத சூத்திரங்கள் நிறைந்த குறிப்பேடுகளே. அவற்றில் ஒன்று, 1, 2, 3 என முடிவின்றிக் கூட்டிச் சென்றால் விடை -1/12 என்றது! பள்ளிச் சிறுவனும் நகைக்கக்கூடிய கூற்று. சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் இவற்றை இலண்டனிலிருந்த பேராசிரியர் ஹில்லுக்கு அனுப்பினார். இளைஞரிடம் ஓரளவு திறமை இருப்பினும், விரிதொடர்களின் படுகுழியில் விழுந்துவிட்டார் என்பதே ஹில்லின் முடிவு. அவரை நாம் குறை கூறோம். கைக்கு வந்த தாள்களைப் பார்த்தால் பலரும் அப்படித்தான் எண்ணியிருப்பர்.

1913 ஜனவரி 16ஆம் நாளிட்ட கடிதம் கேம்பிரிட்ஜில் ஹார்டியை அடைந்தது. ஏமாற்றுக்காரனின் வேலையோ என்ற ஐயம் அவருக்கும் எழாமல் இல்லை. அவர் செய்தது ஒன்றுதான்: நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து சரிபார்த்தார். சில முடிவுகள் முன்பே அறிந்தவை. சிலவற்றை அவரே முயன்று நிறுவ முடிந்தது. ஆனால் எதிர்பார்த்ததைவிடக் கடும் உழைப்பு வேண்டியிருந்தது. வேறு சிலவோ அவரை முற்றிலும் மலைக்க வைத்தன. சரிபார்க்கக் கூடியவை சரியாக இருந்தமையால், சரிபார்க்க முடியாதவற்றின்மீதும் நம்பிக்கை பிறந்தது. ஆயினும் பாராட்டோடு நின்றுவிடாமல் நிரூபணங்களைக் கேட்டு எழுதினார். பகா எண்களைப் பற்றிய இராமானுஜனின் கூற்று ஒன்று பிழை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

இராமானுஜனின் மறுமொழி நம் சிந்தனைக்குரியது. -1/12 என்று சொன்னால் தமக்கு மனநோய் விடுதியின் வழியைத்தான் காட்டுவார்கள் என்று அவரே எழுதினார். தம் கூற்று பிறர் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பதை அறிந்திருந்தார். முடிவுகளைச் சோதித்துப் பாருங்கள், அவை உங்கள் முடிவுகளோடு ஒத்தால் என் அடிப்படையிலும் ஏதோ உண்மை உண்டென்று ஒப்புங்கள் என்பதே அவர் கோரிக்கை. இதற்கு முன்பே நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவைக் கண்டபோதும் அவ்வாறே நடந்துகொண்டார். ராவுக்கு விளங்கக்கூடிய எளிய முடிவுகளை முதலில் காட்டி, படிப்படியாக மேலே கொண்டுசென்றார். கேட்பவன் நிற்கும் படிவரை இறங்கி வருவதற்கு அவர் தயங்கியதில்லை.

அதே 1913இல் அவர் ‘வட்டத்தைச் சதுரமாக்கல்’ என்ற தலைப்பில் சிறு கட்டுரை ஒன்றை இந்தியக் கணிதக் கழக இதழில் வெளியிட்டார். கணிதப் பேராசிரியர்கள் கண்டாலே முகம் சுளிக்கும் தலைப்பு அது! கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வட்டத்திற்குச் சமமான சதுரம் வரைய இயலாது என்பதை லிண்டமன் 1882இலேயே நிறுவியிருந்தார். ஆயினும் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் குட்வின் என்னும் மருத்துவர் அதைச் செய்துவிட்டதாகச் சாதித்தார். 1897இல் அதனை ஒரு மசோதாவாகவே கொண்டுவரச் செய்தார். கீழவை அதை 67 வாக்குகளால் எதிர்ப்பின்றி நிறைவேற்றிற்று. வேறு அலுவலாக அங்கு வந்திருந்த கணிதப் பேராசிரியர் ஒருவர் எடுத்துரைத்ததால்தான் மேலவை அதைக் கிடப்பில் போட்டது. இராமானுஜனின் கட்டுரையோ, தாம் வரைவது தோராயமே என்று அறிந்து எழுதப்பட்டது. பிழை எவ்வளவு என்பதையும் அதுவே சொல்கிறது: 1,40,000 சதுர மைல் பரப்புள்ள வட்டத்திற்குச் சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ ஓர் அங்குலம் மிகும். தலைப்பு ஒன்றே, ஒருவர் பிழையை அளந்து காட்டினார், மற்றவர் பிழையே இல்லை என்று சட்டம் கேட்டார்.

எண்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழகம் வேறொரு இளைஞரைக் கண்டது. இராஜபாளையத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த இராமர் பிள்ளை, மூலிகையைக் கொண்டு தண்ணீரைப் பெட்ரோலாக்குவதாக 1996இல் அறிவித்தார். நாடே வியந்தது. கிராமத்து ஏழை, படிக்காத மேதை, அவனை மதியாத அறிஞர் கூட்டம் என்ற கதை நம் நெஞ்சில் முன்பே எழுதப்பட்டிருந்தது. இராமானுஜனின் வாழ்க்கையே அதை எழுதிவைத்தது எனலாம். அவர் தாமே நடத்திய செயல்விளக்கங்களில் பெட்ரோல் கிடைத்தது, சென்னை ஐ.ஐ.டி.யில் கடுங்கண்காணிப்பில் செய்யச் சொன்னபோது அவரால் மெய்ப்பிக்க இயலவில்லை. இருந்தும் சில ஆண்டுகளில் அவர் பெயரால் எரிபொருள் விற்பனைக்கு வந்தது. நம்பியோர் பணத்தை இழந்தனர். 2000இல் மத்தியப் புலனாய்வுத் துறை அவரைக் கைது செய்தது. 2016இல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவருக்குப் பின் உண்மையான கண்டுபிடிப்போடு அரசு அலுவலகப் படியேறிய கிராமத்து இளைஞர்களை எத்தகைய பார்வை வரவேற்றிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறோம். அந்த இழப்புக்கு வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை.

அறிஞர் அவை எப்போதும் சரியாகவே தீர்ப்பளிக்கும் என்று இதனால் கொள்ள வேண்டா. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1935 ஜனவரியில் இலண்டன் வானியல் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுள்ள விண்மீன் வெண்குறளாக அடங்காது என்பது அதன் சாரம். அடுத்து எழுந்த எடிங்டன் அதை அவையோர் நகைக்கும்படி மறுத்தார். இயற்கையில் அத்தகைய அபத்தம் நிகழாதபடி ஒரு விதி இருந்தாக வேண்டும் என்பதே அவர் வாதம். சந்திரசேகர் சதி என்று கூக்குரலிடவில்லை. கணக்குகளை 1939இல் நூலாக வெளியிட்டுவிட்டு வேறு துறைக்குச் சென்றார். நொபெல் பரிசு 1983இல் வந்தது.

இங்கு வியப்புக்குரியவர் எடிங்டன்தான். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்து உலகறியச் செய்தவர் அவர். அவரே, இயற்பியலின் நுண்ணமைப்பு மாறிலியின் தலைகீழ் எண் சோதனையே இன்றி, சிந்தனையால் மட்டும் 136 எனக் கிடைக்கும் என்றார். ஆய்வுக்கூட அளவுகள் 137ஐ நெருங்கியபோது, ஒன்றைக் கூட்டுவதற்கும் ஒரு காரணம் கண்டார்! ‘ஒன்றைக் கூட்டுபவர்’ என்று பொருள்படும்படி அவர் பெயரையே திரித்துக் கேலி செய்தனர். இன்று அளந்தறிந்துள்ள எண் 137.036. 1982இல் எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றிய சந்திரசேகர், அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியல் அறிஞர் என்று போற்றினார்; 1935இன் வாதத்தில் அவர் தவறியதையும் மறைக்கவில்லை.