ஜே, எக்ஸ், க்யூ: பேராக் தமிழரும் ஆங்கிலச் சொல்லாட்டமும்

ஸ்கிராபிள் எனும் ஆங்கிலச் சொல்லாட்டத்தில் தேர்ந்தவர்கள் சொற்களைப் பொருளைக் கொண்டு வகுக்காமல், அவற்றில் அமைந்த எழுத்துகளைக் கொண்டே வகுக்கிறார்கள். இரண்டே எழுத்தில் முடியும் சொற்கள், ஜே இடம்பெறும் சொற்கள், க்யூ வந்தும் அதன் பின் யு வராத சொற்கள் எனப் பட்டியலிட்டு மனனம் செய்வதே அவர்களது பயிற்சியாகும். இப்பயிற்சிக்கு முதலில் வேண்டியது ஆங்கில எழுத்துகளுடனான பழக்கம். பேராக் மாநிலத் தமிழரிடையே அந்தப் பழக்கம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது ஈயச் சுரங்க நகரங்களையும் ரப்பர்த் தோட்டங்களையும் பிரித்து வைத்த பள்ளிக்கூட வரலாற்றைச் சார்ந்தது.

நகரங்களில் ஆங்கிலப் பள்ளிகள் முன்னரே தோன்றிவிட்டன. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் பெயரைப் பெற்ற தைப்பிங் பள்ளி 1883இல் தொடங்கியது. ஈப்போவில் மெதடிஸ்ட் பாதிரியார் ஹோர்லி 1895இல் ஆங்கிலோ சீனப் பள்ளியை நிறுவ, 1909இல் ஆண்டர்சன் பள்ளியும் 1912இல் செயின்ட் மைக்கேல் பள்ளியும் அதனைத் தொடர்ந்தன. கட்டணம் கட்டிப் படித்த மாணவர்களுக்குச் சொல்வதெழுதலும் இலக்கணமும் கேம்பிரிட்ஜ் தேர்வும் புகட்டிய இப்பள்ளிகள், அரசு அலுவலகங்களுக்கும் ரயில்வேக்கும் எழுத்தர்களைத் தயாரித்துக் கொடுத்தன.

தோட்டத்தின் கதை வேறு. 1877இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டு, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது, சுங்கை சிப்புட், பாகான் செராய், தாப்பா, பீடோர் வட்டாரங்களில் தோட்டங்கள் பரவின. அங்கே பால்மரம் சீவத் தமிழகத்திலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததால், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் அருகே தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. எழுத்தறிவைக் கொடுத்த அந்தப் பள்ளிகளின் பயிற்றுமொழி தமிழ்; அவற்றிலிருந்து நகரத்து ஆங்கிலப் பள்ளிக்கு நேரான வழி இல்லை. தோட்டத்தில் ஆங்கிலம் புழங்கிய இடங்கள் துரையின் பங்களாவும் கிராணியின் அலுவலகமும்தான். கணக்குப் பார்த்து ஆள்பதிவேடு எழுதிய கிராணிகளில் பலர் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற இலங்கைத் தமிழர்களாகவோ மலையாளிகளாகவோ இருந்ததால், ஒரே தோட்டத்தில் தமிழர்களிடையேகூட எழுத்து ஒரு மதிலாக நின்றது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் ஆங்கிலம் கற்று அமைச்சராகவும் உயர்ந்தார். ஆனால் அவர் தோட்டம் உடைய குடும்பத்துப் பிள்ளை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இக்காலத்திற்குள் அமெரிக்காவில் சொல்லாட்டம் உருப்பெற்றது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதற்பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதற்கேற்ப எழுத்து வில்லைகளின் தொகையையும் மதிப்பையும் வகுத்தார். ஜேம்ஸ் புருனோ 1948இல் அதற்கு ஸ்கிராபிள் என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். நூறு வில்லைகளில் ஈ பன்னிரண்டு. ஜே, க்யூ, எக்ஸ், இசட் ஒவ்வொன்றே. ஜேக்கும் எக்ஸுக்கும் எட்டுப் புள்ளி, க்யூவுக்கும் இசட்டுக்கும் பத்து. எனவே ஆட்டத்தின் புள்ளிக் கணக்கு நியூயார்க்கில் அச்சான ஆங்கிலத்தின் கணக்கு. பேராக்கின் தெருவில் அது செல்லாது.

1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஆங்கிலப் பள்ளிகள் மலாய் வழிக்கு மாற்றப்பட்ட பின் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் மலாயைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்ததால், ஆங்கிலம் அதற்கு மூன்றாம் மொழியாகவே நின்றது. அப்பிள்ளை தினமும் பார்க்கும் எழுத்துகளைக் கவனித்தால் விந்தை விளங்கும். ஆங்கிலத்தில் அரிதென்று எட்டுப் புள்ளி பெறும் ஜே, ஈப்போவின் பெரும்பாலான தெருப்பலகைகளில் ‘ஜாலான்’ என்று நிற்கிறது; ஜெலாப்பாங், மஞ்சோய், தஞ்சோங் ரம்புத்தான் என ஊர்ப்பெயர்களிலும் வருகிறது. எக்ஸோ மலாய் எழுத்துமுறையில் கே, எஸ் என இரண்டாக உடைந்துவிடுகிறது; டாக்சியின் கூரையிலும் விரைவுப் பேருந்தின் பக்கத்திலும் அதற்கு இடமில்லை.

க்யூவின் நிலை இன்னும் சுவையானது. யு இல்லாமல் க்யூ வரும் ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதி அரபிலிருந்து வந்தவை: வக்ஃப், கிப்லா, காதி, தலாக், ஃபக்கீர். அவற்றை இங்கிலாந்துக்காரர் அகராதியில் தேடிப் படிக்க வேண்டும். பேராக்கில் பள்ளிவாசலுக்கு அருகே வாழும் தமிழ்ப் பிள்ளைக்கோ அவை செவிவழியே தெரிந்த சொற்கள். ஆயினும் மலாயில் இவ்வைந்தும் கே எழுத்திட்டே எழுதப்படுவதால், சொல்லை அறிந்த பிள்ளையும் கையிலுள்ள க்யூ வில்லையைப் பயன்படுத்தத் தெரியாமல் திகைக்கும். உயிராற்றலைக் குறிக்கும் ‘சி’ என்னும் சீனச் சொல்லும் ஆங்கிலத்தில் க்யூ, ஐ என எழுதப்படுவது. ஆட்டக்காரர்களுக்கு அது க்யூவை இரண்டே எழுத்தில் இறக்கிவைக்க உதவும் அருமருந்து.

பொருள் தெரிய வேண்டியதில்லை என்பது இந்த ஆட்டத்தின் குறை என்று மொழி ஆசிரியர்கள் சொல்வதுண்டு. தாய்மொழியாக ஆங்கிலம் பெறாதவர்களுக்கு அதுவே கதவைத் திறந்துவிட்டது. 2003இல் கோலாலம்பூரில் நடந்த உலகப் போட்டியில் தாய்லாந்தின் பானுபோல் சுஜ்ஜயகோர்ன் வென்றார். 2007இல் மும்பையில் மலேசியரான கணேஷ் ஆசிர்வாதம் இறுதியாட்டம் வரை சென்று, நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்சிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றார். மலேசியாவில் குடியேறிய அந்த ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு மொழி உலகப் போட்டியை வென்றதும், 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்ததும், மனனம் செய்த பட்டியல் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்குப் போதிய சான்றுகள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியான பின்பும், பேராக்கில் இன்று நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல இன்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அப்பள்ளிகளில் சொல்லாட்டம் கற்பிக்க முனையும் ஆசிரியர், ஆங்கில அகராதியின் முதற்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மாணவர் மலாயில் கே இட்டு எழுதிப் பழகிய சொற்களை க்யூ இட்டு எழுதிக் காட்டுவதிலிருந்தே தொடங்கலாம்.