பத்தினிக் கோட்டமும் பனிச்சிகரமும்

சித்திரைப் பௌர்ணமிதோறும் பளியன்குடியிலிருந்து கண்ணகியின் மங்கலதேவி கோட்டத்துக்கு மூச்சிரைக்க ஏறிப் பழகிய கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு மலையேற்றத்தின் மாண்பை விளக்குவது மிகை. ஆகவே, தமிழ்நாட்டுப் பெண்களுள் முதன்முதலாக எவரெஸ்ட் சிகரத்தை எய்திய விருதுநகர் மாவட்டத்து ஜோகில்பட்டி முத்தமிழ்ச்செல்வியாரைப் பற்றி எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, அடியேனின் நினைவு நேரே சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்துக்குத்தான் சென்றது.

பேரியாற்றங்கரை மணலில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனிடம், வேங்கை நிழலில் நின்ற பத்தினி கண்ணகி விண்ணேறிய விந்தையைக் குன்றக் குறவர் கூறினர் அன்றோ? அவளுக்குப் படிமம் சமைக்கப் பொதியிற் கல்லும் ஆகுமென்று அறிஞர் சொல்லியும், அது தன் குடிப்பெருமைக்கு ஒவ்வாதென மறுத்து, வடதிசைப் படையெடுத்து, இமயக் கல்லை வட மன்னர் கனக விசயர் முடித்தலையில் ஏற்றி, கங்கையில் நீராட்டி அவன் மீள்வதற்குள் 32 திங்கள் கழிந்தன. நம் மலைக்கும் இமயத்துக்கும் அன்றே வழி விழுந்துவிட்டது. எனினும் அது பெண்ணொருத்தியின் பொருட்டு மன்னன் சென்ற வழி.

பெண்ணே சென்ற வழியைச் சேக்கிழார் காட்டுவார். இறைவன் உறையும் கயிலையைக் காலால் மிதித்தல் அபசாரமென்று அஞ்சித் தலையால் நடந்தேறிய காரைக்கால் அம்மையாரின் பக்தியை வெறுங்கற்பனையென்று நகைக்கும் நவீனர், எவரெஸ்ட் அடிவார முகாமில் ஷெர்ப்பாக்கள் செய்வதைக் காண்பாராக: சோமோலுங்மா எனத் தாம் போற்றும் எவரெஸ்டின்மீது காலும் பனிக்கோடரியும் படப்போவதை எண்ணி, ஜூனிப்பர் தழை புகைத்து, பூஜை செய்து, பொறுத்தருள வேண்டிய பின்னரே ஏறத் தொடங்குவர். மலையை வென்றோம் என்னும் பேச்சு அவர்களிடத்தும் இல்லை, நம் அம்மையாரிடத்தும் இல்லை.

முத்தமிழ்ச்செல்வியார் ஜப்பானிய மொழி பயிற்றுவித்தவர் என்பதும், எவரெஸ்ட் ஏறிய முதற்பெண்மணியான ஜுன்கோ தாபெய் (1975) ஜப்பானியரே என்பதும், இந்தியப் பெண்களுள் முதல்வரான பச்சேந்திரி பால் 1984-இல் முடியேறிய அதே மே 23-ஆம் நாளில் 2023-இல் இவரும் ஏறினார் என்பதும் தற்செயலே ஆயினும் மகிழ்வூட்டுவன. மலைப்பட்டுக் குன்றிலிருந்து கண்களைக் கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கிய சாகசமும், பின்னர்ப் பெற்ற கல்பனா சாவ்லா விருதும் யாவரும் அறிந்தவை. பிராணவாயுவின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றிலொரு பங்காகக் குறையும் 8,848.86 மீட்டர் உயரத்தினின்று நலமே இறங்கி வந்ததையே அடியேன் மேலாக மதிப்பேன். ஏறுவதைப் பாடிய புலவர் பலர், எவரெஸ்டிலோ இறங்குகையில் மாண்டோர் பலர்.

கொழுக்குமலையிலிருந்து இறங்கியோரை 2018 மார்ச்சில் குரங்கணித் தீ சூழ்ந்து, 20-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டதும் நம் மண்ணிலேயே. ஆதலின், போடி மலைமேல் ஆசை கொண்ட இளைஞர்களே, முதலில் வனத்துறையின் அனுமதியைப் பெறுக. வழியறிந்த மலைவாசி ஒருவரைத் துணைக்கொள்க. கோடையில் புல் காய்ந்து கிடக்கும் சரிவுகளில் கால் வையாதீர்.