கூரைக்குள் அடங்கிய காற்று



மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தினாற் புகழ்பெற்ற அக்கரை, நெல்வயல்கள் சூழ்ந்ததுமாகும். நெல் விளையும் நாட்டில் வைக்கலுக்குக் குறைவில்லை. தென்னை நிற்கும் இடத்திற் கிடுகுக்கும் குறைவில்லை. எனவே மண்சுவரும் வேய்ந்த கூரையுமாக வீடுகள் எழுந்தன. சித்திரை வெயில் முற்றத்தை எரித்தாலும், உள்ளே பாய் விரித்து உறங்கலாம். வைக்கல் குளிர்ச்சியான பொருள் என்று நம்மவர் சொல்வதுண்டு. வைக்கலிற் குளிர்ச்சி ஏது?

இத்தகைய வினாவைச் சோதனைக்கு உட்படுத்தியவர் றம்போட் பிரபு. அமெரிக்காவிற் பிறந்து, பவேரிய நாட்டுப் படையைச் சீர்திருத்தும் பொறுப்பை ஏற்றிருந்த அவர், எவ்வகை உடை உடற்சூட்டை நன்கு காக்கும் என்று ஆராய்ந்தார். வெப்பமானி ஒன்றைக் கண்ணாடிக் குமிழின் நடுவே நிறுத்தி, இடைவெளியிற் பஞ்சு, கம்பளி, பட்டு முதலியவற்றை ஒவ்வொன்றாக நிரப்பினார். கொதிநீரிற் சூடாக்கிப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினார். குறித்த அளவு குளிர்வதற்குச் சென்ற வினாடிகளை எண்ணினார். குமிழில் வெறுங்காற்று மாத்திரம் இருந்தபோது 576 வினாடிகள். முறுக்காத பட்டு நிரப்பியபோது 1284. அப்பட்டையே இறுக முறுக்கிய நூலாக வைத்தபோதோ 917. பொருள் மாறவில்லை, காவல் குறைந்துவிட்டது! இம்முடிவுகள் 1792ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் கழகத்தின் ஏட்டில் வெளியாயின.

வெறுங்காற்று சூடேறினால் மேலெழுந்து வெப்பத்தைச் சுமந்து செல்லும். இழைகளிடையே சிறைப்பட்ட காற்று அசையமாட்டாது; அசையாக் காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். படுவான்கரையின் வைக்கற் கூரை செய்ததும் இதுவே. அவ்வீட்டைக் கட்டியவர் றம்போட்டைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

1829ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி பாமர் என்பார் நெளிதகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அத்தகடு உலகெங்கும் கூரையாயிற்று. இரும்பு, வைக்கலிலும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவது. ஆயினும் தகரத்தை நாடியவரைக் குறைகூறுதல் தகாது. வேய்ந்த கூரை தீப்பற்றும்; அடிக்கடி புதுக்கவும் வேண்டும். 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி மட்டக்களப்பில் எத்தனை கூரைகளைப் பறித்தது, எத்தனை தென்னைகளைச் சாய்த்தது என்பதை அறிந்தோர் இன்றும் உளர். தென்னை வீழ்ந்தபின் கிடுகுக்கு எங்கே போவது?

தகரத்தின் கீழே காவலி ஒன்றை அமைத்தலே வழி. அதற்கு ஏற்ற பொருள் நெல்லாலைகளின் புறத்தே குவிந்து கிடக்கிறது. நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமி. அதன் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. உருக்காலைகளில் 1500 பாகைச் செல்சியசு அளவில் உருகிநிற்கும் உருக்கின்மேல், சூடு போகாதவாறு தூவப்படுவது உமிச்சாம்பலே என்றால் வியப்பன்றோ?

உமியின் ஆற்றலை அறிய ஆய்வுகூடம் வேண்டா. ஒத்த இரு செம்புகளிற் கொதிநீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றை உமி நிறைந்த கடகத்திற் புதைத்து, மற்றதை வெளியே வையுங்கள். ஒருமணி நேரம் கழித்து இரண்டையும் தொட்டுப் பாருங்கள். பின்னர் உமியைச் சற்று நனைத்து மறுமுறையும் செய்யுங்கள். நீர், அசையாக் காற்றிலும் இருபது மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்துவது. மாரியில் ஒழுகும் கூரையின் கீழ் உமியைப் பரப்ப எண்ணுவோர், முதலில் ஒழுக்கை அடைத்துக்கொள்ள வேண்டும்.