கல்மந்தையின் கணக்கேடு

திருச்சிராப்பள்ளியின் வரலாற்றை எழுதப் புகுவோர் மலைக்கோட்டையில் தொடங்கித் திருவரங்கக் கோபுரத்தில் முடிப்பது வழக்கம். பொதுக் கழிப்பறையின் வாயிலில் அமர்ந்து சில்லறை வாங்கிய பெண்களுக்கு அவ்வரலாற்றில் இடமில்லை. இடம் தரவேண்டும் என்பது நம் எண்ணம்.

திருச்சி, திருவரங்கம், பொன்மலை ஆகிய மூன்று நகராட்சிகளும் 1994-இல் ஒரே மாநகராட்சியாயின. குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகளும் அதன் பொறுப்பில் வந்தன. எல்லார்க்கும் பொதுவானதை எவரும் பேணுவதில்லை. தண்ணீரும் விளக்குமின்றி அவை பாழாயின. பெண்களோ இருட்டும்வரை காத்திருந்தனர். இக்காத்திருப்பின் கொடுமையை ஆண்கள் எழுதிய அறிக்கைகளில் தேடுவது வீண்.

1987-இல் திருச்சியில் தோன்றிய கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனம், வாட்டர்எய்டின் துணையோடு, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் எளிய ஏற்பாட்டை முன்வைத்தது. கட்டடம் மாநகராட்சியுடையது, நடத்துவோர் அப்பகுதி மகளிர் குழுவினர். முறைவைத்து ஒருவர் வாயிலில் அமர்வார்; பயன்படுத்துவோரிடம் சிறு கட்டணம் பெற்று ஏட்டில் எழுதுவார். துப்புரவுக் கூலி, மின்கட்டணம், பழுதுபார்ப்பு யாவும் அவ்வருவாயிலிருந்தே. எஞ்சியது பகுதியின் பொதுத் தேவைக்கு. திறந்தவெளியில் மலங்கழிக்கும் வழக்கம் ஒழிந்த நாட்டின் முதல் குடிசைப் பகுதி என்று 2002-இல் கல்மந்தை பெயர் பெற்றது. கிராமாலயாவை நிறுவிய தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

விருதைவிட அந்த ஏடே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. வரவு செலவைத் தம் கையால் எழுதியவர்கள் அதிகாரிமுன் அமர்ந்து கணக்குக் கேட்கவும் துணிவர். ஆயினும் அதே ஏட்டில் 'துப்புரவுக் கூலி' என்று ஒரு வரியும் உண்டு. கையால் மலமள்ளும் இழிவை 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் தடை செய்தன. துடைப்பம் எந்தச் சாதியாரின் கையில் இருக்கவேண்டும் என்ற ஊர்வழக்கைச் சட்டத்தால் எளிதில் மாற்ற இயலவில்லை. காசு வாங்கும் இருக்கையும் துடைப்பமும் ஒரே கைகளுக்கு முறைமாறி வருகின்றனவா? எந்தக் குழுவையும் நாம் முதலில் கேட்கவேண்டியது இதுவே.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்ட மானியம் அளித்தது. பெண்களுக்கு அது விடுதலை. ஆனால் தனிக் கழிப்பறை ஒன்று எழுந்தால், பொதுக் கழிப்பறையின் ஏட்டில் ஒரு குடும்பத்தின் வரவு நின்றுவிடும். வாயிலில் அமர்ந்தவளின் கூலியும் அந்த வரவிலிருந்து வந்ததுதான்.