நிழற்படங்களில் எஞ்சும் வரலாறு

விளாத்திகுளம் போன்ற கரிசல் நாட்டு ஊரில் இருந்துகொண்டு தொல்லியல் பயில விரும்புவோருக்கு நெடுங்காலம் பெருந்தடையாய் நின்றது தொலைவே ஆகும். ஆதிச்சநல்லூர் நமது தூத்துக்குடி மாவட்டத்திலேயே உள்ளது. ஆயினும் அங்கு அகழ்ந்தெடுத்தவற்றைக் காணச் சென்னை எழும்பூருக்கோ, 1876இல் யாகோர் கொண்டுசென்றவற்றைக் காணப் பெர்லினுக்கோ போக வேண்டியிருந்தது. 1899 முதல் 1905 வரை அங்கு அகழாய்வு நடத்திய அலெக்சாண்டர் ரீ 1915இல் வெளியிட்ட பொருட்பட்டியலை இன்று இணையத்தில் எவரும் விரித்துப் பார்க்கலாம். பொன் நெற்றிப்பட்டங்கள், இரும்பு ஆயுதங்கள், மூடிமேல் விலங்குருவங்கள் நிற்கும் வெண்கலக் கலங்கள் யாவும் அதன் படத்தகடுகளில் உள்ளன.

இத்தகைய தொகுப்புகளில் தேடுவோர் முதலில் அறிய வேண்டியது ஊர்ப்பெயர்களின் உருமாற்றமாகும். தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் அமைந்தது. அதற்கு முந்தைய படங்கள் ஆங்கிலேயர் எழுதிய 'டின்னவெல்லி' என்னும் பெயரின்கீழ்க் கிடக்கும். ஆதிச்சநல்லூர் 'ஆதித்தநல்லூர்' எனவும், காயல் மார்க்கோ போலோவின் வழக்கில் 'காயில்' எனவும் வரும். அரபி கற்ற நமக்கு இது புதிதன்று. அம்மொழியில் பகரம் இல்லாமையால் 'பட்டினம்' இப்னு பதூதாவின் பயண நூலில் 'ஃபத்தன்' ஆனதை நாம் அறிவோம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களையும் படிமங்களையும் படமெடுத்துச் சேர்த்து வந்துள்ளது. அப்படங்களின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தாண்டும். அவற்றின் பயன் ஆராய்ச்சியோடு நிற்கவில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் களவுபோன நடராசர் படிமத்தை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கியது. அது இன்ன கோயிலுடையது என நிறுவியது அந்நிறுவனத்தார் 1994இல் எடுத்த படமே. 2014இல் படிமம் நாடு திரும்பியது. படத்தில் நாளும் இடமும் குறிக்கப்படாதிருந்தால் அது சான்றாகி இருக்குமா?

நமது பழம்பள்ளிகளுக்கு இத்தகைய காவல் எம்மட்டில் உண்டு? மெஹ்ர்தாத் ஷொகூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை நூல் காயல்பட்டினம், கீழக்கரைப் பள்ளிகளை வரைபடங்களோடும் படங்களோடும் பதிவு செய்தது. ஆகா கான் அறக்கட்டளையின் ஆதரவில் இயங்கும் 'ஆர்க்நெட்' இணையத் தொகுப்பு இஸ்லாமிய உலகின் கட்டடங்களைப் பெருமளவில் தருகிறது. ஆனால் நமது கரையோரப் பள்ளிகளை அதில் தேடுவோருக்குக் கிடைப்பது சொற்பமே. இடையில் பள்ளிகள் விரிவாக்கப்படுகின்றன; கல்தூண்கள் அகற்றப்படுகின்றன; மீஸான் கற்கள் சுண்ணாம்பில் மறைகின்றன. தொழுவோர் பெருகும்போது இடம் பெருக வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. இடிப்பதற்கு முன் ஒரு நாள் படமெடுக்க ஒதுக்கலாகாதா என்பதே கேள்வி.

செலவும் அதிகமில்லை, கைப்பேசியே போதும். கல்வெட்டைக் காலையிலோ மாலையிலோ சாய்வொளியில் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் புலப்படும். உச்சிவெயிலில் எடுத்தால் வெறுங்கல்லே தெரியும். அருகில் ஓர் அளவுகோலை வைத்தல் வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு இலக்கமாக இன்றிச் சொற்களாலும் எழுதப்பட்டிருக்கும். ஆதலின் அவ்வரியைத் தனியே நெருங்கி எடுத்து, ஊர், பள்ளி, நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை உடன் குறித்துவைக்க வேண்டும்.